இடதுபக்கத்துக் குட்டி

எங்கள் மாட்டாஸ்பத்திரியில் ஆறு டாக்டர்களோடு நான் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் ஐந்து பேர் ஞாபகத்தில் ஒன்றாகக் குழம்பிப்போய்விட்டார்கள். ஒருவர் மீசை இன்னொருவர் முகத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்த டாக்டரம்மா மட்டும் அப்படியே நிற்கிறார். நானாக மறக்கப் பார்த்தாலும் என் வீட்டுக்காரி விடமாட்டாள். டாக்டரம்மாவால் அவளுக்கு ஒரு உண்மை தெரிந்தது. அவளுக்குத் தெரிந்ததால் எனக்கு ஒரு வாரம் வெறும் ரசம்தான் கிடைத்தது.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெரம்பலூருக்கும் பாடாலூருக்கும் நடுவில், ஹைவேஸை விட்டு உள்ளே தள்ளி இரண்டு அறை, வாசலில் ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்தி வைக்க ஓர் இரும்புச் சட்டம். நான் அங்கே உதவியாளன். காலைப் பிடிப்பது, வாயைப் பிளப்பது, மருந்து ஊற்றுவது, உதை வாங்குவது எல்லாம் என் வேலை. ஊசி போடுவது டாக்டர் வேலை.

டாக்டரம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல். தோளில் ஒரு பை தொங்கும். அதில் மருந்தைவிடக் கடலைமிட்டாய்தான் அதிகம். ஆட்டிடமும் மாட்டிடமும் மரியாதையாகப் பேசுவார். "வாங்க வாங்க, பயப்படாதீங்க, இப்படி நில்லுங்க" என்று அவர் ஆட்டிடம் சொல்ல, கூட வந்த ஆள் தன்னைத்தான் சொல்கிறார் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றுகொள்வார். ஆடு வாசலிலேயே நிற்கும். தினமும் நடக்கிற கூத்து இது.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். அவருடைய கேள்வியைத்தான் சகிக்க முடியாது.

"மூணு வாரத்துக்குள்ள என்ன குடுத்தீங்க?"

ஆடு இருமினாலும் மாட்டுக்குப் பால் குறைந்தாலும் நாய் சோம்பிப் படுத்தாலும் முதல் கேள்வி இதுதான். "ஒண்ணும் குடுக்கலீங்களே" என்றால் விட்டுவிடுவாரா? "ஒண்ணும் குடுக்காமயா மூணு வாரம் உசுரோட இருக்காங்க? தண்ணி குடுத்தீங்கல்ல? எந்தத் தண்ணி? மோட்டார் தண்ணியா, குட்டைத் தண்ணியா? குட்டைக்குப் பக்கத்துல யாரு காடு? பருத்தியா? அவரு எப்ப மருந்து அடிச்சாரு?" என்று பருத்திக்காடு வழியாகப் போய், உரக்கடைக்குள் நுழைந்து, கடைக்காரர் மச்சான் வீட்டுப் பின்பக்கம் வரைக்கும் போய்த்தான் திரும்புவார். அதற்குள் ஆட்டுக்காரருக்குத் தலை சுற்றும். ஆடு பாட்டுக்கு வேப்பந்தழையைத் தின்றுகொண்டு நிற்கும்.

அவர் வந்த இரண்டாம் வாரமே நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வயிறு சரியில்லை என்று சும்மா சொன்னேன். அவ்வளவுதான், ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து என்ன சாப்டீங்க அண்ணே? முந்தாநாளு?"

நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். இட்லி, கம்பங்கூழ், மறுபடி இட்லி.

"புதன்கிழமை மத்தியானம்?"

"வூட்டுச் சாப்பாடுதாங்க. கத்தரிக்கா கொழம்பு."

"புதன்கிழமை நான் வூட்டுலயே இல்லியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் சாப்பாட்டுத் தூக்கோடு என் வீட்டுக்காரி. "எங்கம்மா வூட்டுக்குல்ல போயிருந்தேன். எவ வெச்சா கத்தரிக்கா கொழம்பு?"

என் தங்கச்சி வைத்தாள். அவளுக்கும் என் வீட்டுக்காரிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அங்கே கை நனைக்க மாட்டேன் என்று நான் சத்தியம் வேறு பண்ணியிருந்தேன். டாக்டரம்மா இது எதையும் கவனிக்கவில்லை. கண் பளபளக்க, "பாத்தீங்களா, வந்துருச்சு! அங்க கத்தரிக்கா மட்டும்தானா?" என்றார். இல்லை. ஆட்டுக்குடலும் இருந்தது. அதையும் வீட்டுக்காரி முன்னாலேயே சொல்லவைத்துவிட்டுத்தான், "அதான் பாத்தேன்" என்று ஓமத்தண்ணி குடிக்கச் சொல்லி எழுந்துபோனார். வயிறு அன்று சாயங்காலமே சரியாயிற்று.

பஸ்ஸிலும் இதே கதைதான். ஒருமுறை அரியலூரில் ஒரு மீட்டிங் முடிந்து இருவரும் பெரம்பலூர் பஸ்ஸில் திரும்பினோம். முன்னால் சிமெண்டு லாரிகள் வரிசையாகப் போனதால் பஸ் நத்தை மாதிரி ஊர்ந்தது. பக்கத்துச் சீட்டில் ஒரு பெரியவர் மஞ்சள் பையில் கோழி வைத்திருந்தார். கோழி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. டாக்டரம்மா கண்ணில் அது பட்டதுமே நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் நடித்தேன்.

"ஐயா, இவங்களுக்கு மூணு வாரத்துக்குள்ள என்ன குடுத்தீங்க?"

"யாருக்கும்மா?"

"இவங்களுக்குதான், கோழிக்கு."

பெரியவர் அரிசி என்றார், கம்பு என்றார், புழு பூச்சி என்றார். பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு, "பெரிசு, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். பின்சீட்டு அம்மா ஒருத்தி, "எங்க வூட்டுக் கோழியும் இப்படித்தான் ஒருநாளு..." என்று ஆரம்பித்தாள். டிரைவர் பிரேக் போட்டுத் திரும்பி, "என்னய்யா ஆச்சு கோழிக்கு?" என்றார். கடைசியில் உண்மை வந்தது. முந்தின நாள் பானையில் புளித்துப்போன கேழ்வரகுக் கூழைப் பெரியவர் கொல்லையில் கொட்டியிருக்கிறார். கோழி அதில் இறங்கி விடியற்காலை வரைக்கும் குடித்திருக்கிறது.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் டாக்டரம்மா. "போதை."

பஸ் குலுங்கிச் சிரித்தது. டாக்டரம்மா பையைத் திறந்து காற்றுப் படவிட்டு, என் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் அலகில் விட்டார். பெரம்பலூர் பஸ்ஸ்டாண்டு வந்தபோது கோழிக்குப் பூரணமாகத் தெளிந்துவிட்டது. ஒரு தாவு தாவி, பழக்கடைக்கு அடியில் புகுந்து போயே போய்விட்டது. மருமகனுக்கு அடித்துக் குழம்பு வைக்கக் கொண்டுபோன கோழி என்று பெரியவர் அப்புறம்தான் சொன்னார். டாக்டரம்மா முகம் வாடிப்போய் ஒரு கடலைமிட்டாயைக் கொடுத்துச் சமாதானம் பண்ணினார்.

"எதுக்குங்க இந்தக் கேள்வி கேட்டே உசுர வாங்குறீங்க?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார்.

மேல்படிப்பில் அவர் நஞ்சுகளைப் பற்றிப் படித்தவராம். இரண்டு வருஷம் எலிதான். சினை எலிக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, அது குட்டிகளை என்ன செய்கிறது என்று பார்ப்பார்களாம். எலியின் கர்ப்பப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். அதில் குட்டிகள் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். சில இடத்தில் மணி இருக்காது, ஒரு சின்னக் கரும்புள்ளிதான் இருக்கும். அந்த இடத்தில் ஒரு கரு வந்து ஒட்டி, கொஞ்சம் வளர்ந்து, பிறகு நின்றுபோய், தாயின் உடம்பே அதைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். டாக்டரம்மா இரண்டு வருஷமும் அந்தப் புள்ளிகளை எண்ணியிருக்கிறார்.

"செத்துப் போறது வேற, கரைஞ்சு போறது வேற அண்ணே" என்றார். "செத்துப் போனா வெளிய வரும். நாம பாப்போம், அழுவோம். கரைஞ்சு போனா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஏன் போனீங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எனக்கு அது பொறுக்காது. அதான் நான் கேக்குறேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் நான் அவரை எரிச்சலாகப் பார்க்கவில்லை.

எட்டாவது நாள் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கூப்பிட்ட மரியாதைக்கு வந்தார். மேடை ஏறி அன்பளிப்பைக் கொடுத்தவர் கீழே இறங்கவில்லை. மணப்பெண் கழுத்துத் தங்கமணி மாலையையே குறுகுறுவென்று பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார். அப்புறம் மெதுவாக, "இந்தப் பக்கம் பதினாலு, அந்தப் பக்கம் பதிமூணு. ஒண்ணு எங்கங்க போச்சு?" என்றார். பெண்ணின் அம்மா திடுக்கிட்டுக் கழுத்தைத் தடவ, மாப்பிள்ளையின் அம்மா, "நாங்க போட்டப்ப சரியாத்தான் இருந்துச்சு" என்று குரலை உயர்த்த, மேடையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நான் கையைப் பிடித்துக் கீழே இறக்கிப் பந்தியில் உட்காரவைத்தேன். இலையில் அவியலைப் பார்த்து அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். சாப்பிடுங்க டாக்டரம்மா என்று அதட்டினேன்.

இன்னொரு நாள், கரைந்துபோவது என்றால் என்னவென்று ஒரு மாட்டுக்காரருக்கு விளக்க, தவளைக் குஞ்சின் கதையைச் சொன்னார். தலைப்பிரட்டைக்கு வால் இருக்கும், அது வளர வளர அந்த வாலை அதன் உடம்பே கரைத்துச் சாப்பிட்டுவிடும், வெட்ட வேண்டியதில்லை, விழவும் விழாது என்றார். மாட்டுக்காரர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எங்க சின்னவனுக்கு இருபத்தெட்டு வயசாவுது. அவன் வாலு எப்பங்க கரையும்?" என்றார். டாக்டரம்மா அசரவில்லை. "மூணு வாரத்துக்குள்ள அவருக்கு என்ன குடுத்தீங்க?" என்றார்.

இப்போது அந்த ஆட்டு விவகாரத்துக்கு வருகிறேன். வரக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் கோழி, கல்யாணம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

பாடாலூருக்கு உள்ளே தள்ளி ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஆனி மாதம் அங்கே ஆடுகளுக்கு முகாம் போட்டோம். ஒரு பக்கம் டாக்டரம்மா ஸ்கேன் பெட்டியோடு உட்கார்ந்து சினை பார்ப்பார். இன்னொரு பக்கம் நான் வரிசையில் வருகிற ஆடுகளுக்குக் குடல்புழு மருந்து ஊற்றுவேன். அந்த மருந்து இளஞ்சினைக்கு ஆகாது. அதனால் டாக்டரம்மா ஒரு ஏற்பாடு செய்தார். சினை என்று தெரிந்த ஆட்டின் முதுகில் ஊதா மருந்தை உள்ளங்கை அகலத்துக்குப் பூசிவிடுவார். "ஊதா இருந்தா ஊத்தாதீங்க அண்ணே. ஊதா இல்லாட்டியும் கேட்டுட்டு ஊத்துங்க" என்று மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

அந்த ஊரில் பாப்பாத்தி, மலர் என்று இரண்டு ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பாப்பாத்திக்குப் பதினோரு ஆடு. தம்பி பெண்டாட்டி மலருக்கு ஒன்றுமில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக மற்றவர் ஆட்டையே மேய்க்கிறவள். பாப்பாத்தி ஒரு பெட்டையாட்டை அவளுக்கு வாரத்துக்கு விட்டிருந்தாள். வாரம் என்றால், ஆடு கொடுத்தவளுடையது, வளர்ப்பவளுக்குக் குட்டியில் பங்கு. ரெட்டை போட்டால் ஆளுக்கொன்று. ஒற்றை போட்டால் அது ஆட்டுக்காரிக்கு, வளர்ப்பவள் அடுத்த ஈத்து வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அந்த ஆட்டைத்தான் இருவரும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஸ்கேன் திரை, மழை நாளில் கேபிள் போன டிவி மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"ரெண்டு பேர் இருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "இதோ ஒருத்தங்க. அதோ இன்னொருத்தங்க."

பாப்பாத்தி திரையில் விரலை வைத்தாள். "இடதுபக்கம் என்னுது."

"அப்ப வலதுபக்கம் என்னுதுக்கா" என்றாள் மலர். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்படியெல்லாம் பிரிக்க முடியாதுங்க. இதத் திருப்பிப் புடிச்சா இடது வலதாயிடும்" என்று டாக்டரம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். யார் காதில் வாங்கினார்கள்? வயிற்றுக்குள் இருப்பதற்குப் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. "இன்னும் ரொம்பச் சின்னவங்க, அஞ்சு வாரம்தான் இருக்கும். இருபது நாள் கழிச்சு இன்னொரு தடவ கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி, முதுகில் ஊதாவைப் பூசி அனுப்பினார். அவர்கள் மறுபடி வரவே இல்லை. அதுதான் ரெண்டு என்று தெரிந்துவிட்டதே, இன்னும் என்ன ஸ்கேன் என்று இருந்துவிட்டார்கள்.

ஐப்பசியில் ஆடு ஈன்றது. பட்டப்பகலில், ஆளுயர மக்காச்சோளக் காட்டு ஓரத்தில். கூட இருந்தது மலர் மட்டும். அவள் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே எங்களுக்குப் போன் வந்தது. டாக்டரம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வர, என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். பால் சொசைட்டி வாசலில் ஊரே கூடியிருந்தது. சொசைட்டித் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஆடும் குட்டியும். குட்டி யாரைப் பற்றியும் கவலைப்படாமல் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"ஸ்கேன்ல ரெண்டு, தரையில ஒண்ணு. இன்னொண்ண எங்கடி வித்த?" என்று பாப்பாத்தி கத்தினாள். "சோளக்காட்டுக்குள்ளயே ஆள வரச்சொல்லிக் குடுத்துட்டா. நானும் இவள நம்பித்தானே விட்டேன்!"

"எம் புள்ள மேல சத்தியமா ஒண்ணுதாங்க்கா போட்டுச்சு" என்றாள் மலர். கூட்டத்தில் ஒரு அம்மா, வாரத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்த தன் ஆட்டை இனித் தரமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டாள். திருடி என்று ஒருதடவை பெயர் வந்துவிட்டால் அந்த ஊரில் அவளை நம்பி எவள் ஆடு விடுவாள்? மலருக்கு அது தெரியும். சொசைட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வித்திருக்க மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "கரைஞ்சிருக்கும்."

ஊரே சிரித்தது. "கரையறதுக்கு அது என்னம்மா அச்சுவெல்லமா?" என்றார் தலைவர்.

டாக்டரம்மா விளக்கினார். அந்த நேரத்தில் கரு மொச்சைக்கொட்டை அளவுதான், எலும்பு கெட்டிப்பட்டிருக்காது, வளர்ச்சி நின்றுபோனால் தாயின் உடம்பே கரைத்து இழுத்துக்கொள்ளும், வெளியே ஒரு சொட்டும் வராது என்றார். அதற்கு என்ன அத்தாட்சி என்று தலைவர் கேட்டார்.

"எலியா இருந்தா அறுத்துப் பாத்துத் தடத்தக் காட்டிருவேன். இவங்களை அறுக்க முடியுங்களா?"

"ஏன், அறுக்கலாமே" என்று பின்னாலிருந்து ஒருவர் ஆசையாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம வேற."

"வாய மூடுய்யா!" என்று பாப்பாத்தியும் மலரும் ஒரே குரலில் சீறினார்கள். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டாக்டரம்மா மலர் பக்கம் திரும்பினார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை மூன்று வாரம் இல்லை, ஐந்து மாதம். மலர் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடலைக்கொடி, அகத்தி, கழனித்தண்ணி, கிணற்றுமேட்டுப் புல்லு. எதிலும் குற்றம் இல்லை.

"முகாம் அன்னிக்கு?"

"முகாம் அன்னிக்கு வெள்ள மருந்து ஊத்துனாங்க."

"யாரு ஊத்துனா?"

மலர் கையை நீட்டினாள். "இந்த அண்ணன்தான்."

எனக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்துவிட்டது. வரிசை நீளமாக இருந்தது. எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் வந்து இறங்கியிருந்தது, ஆறிப்போய்விடுமே என்று நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் சரசரவென்று ஊற்றித் தள்ளினேன். எந்த ஆட்டுக்கு ஊற்றினேன் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்தது. என் வேலைக்கு ஆபத்தில்லை. மலர் சொல்வது பொய் என்றாகியிருக்கும், ஏற்கெனவே அவளைத்தான் யாரும் நம்பவில்லையே.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அதட்டவில்லை. எல்லாரையும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"அண்ணே, என்ன குடுத்தீங்க?"

சுவரைப் பிடித்தபடி நின்ற மலரைப் பார்த்தேன். "புழு மருந்து குடுத்தேங்க" என்றேன். "கேக்காம குடுத்தேன். எந் தப்புதான்."

"ஊதா இருந்துச்சே?"

"லேசாத்தான் இருந்துச்சு. நாவப்பழக் கறைன்னு நெனச்சேன்."

"லேசாவா? உள்ளங்கை அகலத்துக்குல்ல பூசினேன்! யாரு தொடச்சது?"

மலர் தரையைப் பார்த்தாள். பாப்பாத்திதான் முந்தானையை உதறிப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா மேல் பாய்ந்தாள்.

"அது வேறயா? நல்லாக் கேட்டீங்க போங்க! இந்தாங்க பாருங்க, இந்தச் சேலதான். நாலு தடவ சோப்பு போட்டும் அந்த ஊதாக் கறை போவல. தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த சேல, உங்க மருந்தால பாழாப் போச்சு!"

ஊரே அவள் முந்தானையைப் பார்த்தது. கைக்குட்டை அகலத்துக்கு ஊதா. பாப்பாத்தியும் பார்த்தாள். பேசியது என்ன என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"ரெட்டைன்னு ஊரே பாக்குது... கண்ணு பட்டுடக் கூடாதேன்னு..." என்று இழுத்தாள். "நான்தான் தொடச்சு விட்டேன். இவ வேணாங்க்கான்னுதான் சொன்னா."

மலர் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். திருடி என்று அத்தனை பேர் முன்னால் வசவு வாங்கியபோதும் அவள் ஓரகத்தியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு பிசைகிறது.

டாக்டரம்மா தலைவரிடம் சொன்னார். "இதனாலதான் கரைஞ்சுதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேங்க. சில சமயம் ஒரு காரணமும் இல்லாமயும் கரையும். ஆனா குடுக்கக் கூடாத மருந்து உள்ள போயிருக்கு. குடுத்தது எங்க முகாம், அதுக்குப் பொறுப்பு நானு. மலர் ஒண்ணும் பண்ணல. அவங்களைத் திருடின்னு சொன்னவங்க அந்த வார்த்தைய எடுத்துக்கணும்."

ஆட்டைத் தரமாட்டேன் என்ற அம்மா மெதுவாகத் தலையைச் சொறிந்தாள். தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"அது சரிம்மா. இருக்கறது ஒத்தக் குட்டி. ஒத்தன்னா ஆட்டுக்காரிக்குத்தான் போவணும். ஆனா ரெட்டைன்னு பாத்து ஆளுக்கொண்ணு பிரிச்சிட்டாங்க. நீங்களே சொல்லுங்க, கரைஞ்சது இடதா வலதா?"

"தெரியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "யாராலயும் சொல்ல முடியாது."

பாப்பாத்தி கறைபட்ட முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "கரைஞ்சது இடதுதான். அது என்னுது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர்.

"ஏன், எங்குட்டி எனக்குத் தெரியாதா? இடதுதாங்கறேன்!" என்று சண்டைக்கு வந்தாள். "இருக்கறது வலதுபக்கத்துக் குட்டி. இவளுது. என்ன டாக்டரம்மா, நான் சொல்றது சரிதானே?"

எல்லாரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். போச்சுடா என்று நினைத்தேன். ஆதாரம் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னால் மந்திரியையே நிறுத்திக் கேட்கிற ஆள் அவர். வாயைத் திறந்தார், மூடினார். குனிந்து குட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வலது காதைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இருக்கலாம்" என்றார்.

அவர் மாற்றலாகிப் போகிற வரைக்கும் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒருதடவைதான்.

மலர் குட்டியை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பாப்பாத்தி ஆட்டைப் பிடித்துக்கொண்டு, "பால் குடிக்கிற வரைக்கும் தாய்கூட வெச்சுக்கடி" என்று அதட்டியபடி பின்னால் நடந்தாள். நான் பைக் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றேன். மலர் நேராக என்னிடம் வந்தாள். என்ன வசவு விழப்போகிறதோ, விழட்டும் என்று காத்திருந்தேன்.

"அண்ணே" என்றாள். "அடுத்த முகாமுக்கு என் ஆட்டக் கொண்டாருவேன். நீங்க கிட்டவே வரக் கூடாது."

"சரிம்மா" என்று இரண்டடி தள்ளி நின்றேன்.